கால் கழுவ வராத தோழன்

என் கல்யாணத்தன்று என் காலைக் கழுவ வேண்டியவன் வரவில்லை. பதினொரு வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்களுடைய கால் கழுவப்பட்டிருக்கும்.

யாழ்ப்பாணத்து ஆட்களின் கல்யாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். மாப்பிள்ளை மண்டபத்து வாசலில் வந்து நிற்க, அவன் குனிந்து செம்புத் தண்ணீர் விட்டுக் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். அதன் பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது அவன் பொறுப்பு. என் மனைவி பிரஷாந்தினிக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி, கீர்த்திகன். அவனுடைய விரல் அளவு தெரியாமல் குத்துமதிப்பாக ஒரு மோதிரம் வாங்கி வைத்திருந்தேன். 2013 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். முந்தின நாள் அமெரிக்காவிலிருந்து தமக்கைக்கு அவன் தகவல் அனுப்பினான்: மட்ச் இருக்கிறது, விடமாட்டார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒரு சித்தப்பா மகனைப் பிடித்து வாசலில் நிறுத்தினார்கள். என் பெயரே அவனுக்குத் தெரியாது. செம்புத் தண்ணீரில் பாதியை என் வேட்டியில் ஊற்றினான். மோதிரத்தை அவனுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு என்வலப்பைக் கையில் திணித்துவிட்டு மோதிரத்தைத் திரும்ப மடிக்குள் செருகினேன். அன்றிலிருந்து அது பிரஷாந்தினியின் அலுமாரியில் கிடந்தது.

கீர்த்திகன் பேஸ்போல் ஆட்டக்காரன். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் இல்லை. அதுதான் அவனுடைய தொழில். அவன் நின்ற இடத்துக்கு ஷோர்ட்ஸ்டொப் என்று பெயர். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவன். நிலத்தோடு வருகிற பந்துகளில் அதிகம் அவனிடம்தான் வரும். அடித்தவன் மூன்று பேஸையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன்; முதல் பேஸுக்கு ஓடி வர நாலு செக்கன் எடுக்கும். அதற்குள் குனிந்து, பந்தை எடுத்து, குறுக்கே அவ்வளவு தூரம் அந்தப் பேஸுக்கு எறிந்தால்தான் அவன் அவுட். பதினாலு வருடம் அவன் பார்த்த உத்தியோகம் அந்த நாலு செக்கன்தான்.

மொன்றியலில் கார்ட்டியர்வில் பகுதியில் அவனுடைய அம்மா, என் மாமி குணேஸ்வரியின் அப்பார்ட்மெண்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான ஒழுங்கை இருக்கிறது. அதில் ரெனிஸ் பந்தில் கிறிக்கெற் விளையாடி வளர்ந்தவன், பத்து வயதில் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பெடியளோடு சேர்ந்து பேஸ்போலுக்குப் போய்விட்டான். ஆனால் ஒழுங்கைப் பழக்கம் போகவில்லை. இடக்கையில் கிளவ்ஸ் இருக்க, வலக்கையை வெறுங்கையாக நீட்டிப் பந்தைப் பிடிப்பான். பேஸ்போல் பந்து கல் மாதிரி. பதினாறு வயதில் மோதிர விரலின் மொளி உடைந்தது. பயிற்சிக்காரர்கள் எல்லோரும் ஏசினார்கள். அவன் கேட்கவில்லை.

இருபது வயதில் அமெரிக்காவில் ஒரு பெரிய கிளப், புது ஆட்களைத் தெரிவு செய்யும்போது, அவனைக் கடைசிச் சுற்றில் எடுத்தது. மாமி கட்டடம் முழுக்கப் பயத்தம்பணியாரம் கொடுத்தார். சனம் ஒரு கேள்விதான் கேட்டது: எப்ப ரீவியில வருவான்? பெரிய கிளப்புக்குக் கீழே படி படியாகச் சின்னக் கிளப்புகள் இருக்கும், கடைசிப் படியிலிருந்து ஏற வேண்டும், நூறு பேர் ஏறினால் ஐந்து பேர் மேலே போவார்கள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? மாமிக்கே தெரியாது. அவன் இரண்டு படி ஏறினான். கையில் ஒரு குறையும் இல்லை, மட்டைதான் பேசவில்லை. என் கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் பெட்டியோடு வந்து நின்றான். சீசன் முடியக் கிளப்பிலிருந்து விட்டுவிட்டார்கள் என்றான்.

அடுத்த கோடை, மொன்றியலிலிருந்து ஆற்றோரமாக இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற ஒரு ஊரின் கிளப்பில் சேர்ந்தான். எந்தப் பெரிய கிளப்போடும் ஒட்டு உறவு இல்லாத சின்னக் கிளப். வருடத்தில் ஐந்து மாதம் ஒப்பந்தம், நீண்ட பஸ் பயணம், பிறத்தியார் வீட்டு நிலக்கீழ் அறையில் படுக்கை. கொரோனாவால் ஆட்டமே நடக்காத ஒன்றையும் சேர்த்துப் பதினொரு கோடை அங்கேதான் கழித்தான்.

மாரிக்கு? பனி கொட்டுகிற மாரி மாதங்களுக்கு அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவன் நான். டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறன்ற்றில் நான் சமையல். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவனுக்கு அடுப்புத்தான் படிப்பு. பிரஷாந்தினி நச்சரிக்க, கோப்பை கழுவுகிற வேலைக்கு அவனைச் சேர்த்துவிட்டேன். பதினொரு மாரி ஒரே குசினிக்குள் நின்றோம். கதைத்தோம்தான். “அந்தச் சட்டியைத் தா.” “சுடுது, தள்ளு.” “பின்னால வாறன்.” இவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் விளையாடுகிற மைதானத்துப் பக்கம் நான் ஒருநாளும் தலை வைக்கவில்லை. பிரஷாந்தினி கார்டரியில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை; லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் அவள் பஸ் பிடித்துப் போய் வருவாள்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குசினிக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் இருக்கிற சந்தில், சாப்பாட்டு நேரத்தில் அவன் கிளவ்ஸைப் போட்டுக்கொண்டு ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடிப்பான். எண்ணி நூறு தரம். மைனஸ் இருபதிலும் நூறுதான். மற்றவர்கள் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. மெச்சிச் சொல்லவும் இல்லை.

போன வருடம் வசந்தத்தில் கிளப் அவனிடம் சொல்லிவிட்டது: இதுதான் கடைசி சீசன், அடுத்த வருடம் ஒரு புதுப் பெடியன் வருகிறான். கீர்த்திகனுக்கு முப்பத்து மூன்று வயது. முழங்கால் இரண்டும் படியேறும்போது சத்தம் போடும். பதினாலு வருடத்தில் ஒரு வெற்றிக் கோப்பை கூட அவன் தூக்கியதில்லை. மூன்று தரம் கடைசி மட்ச் வரை போய்த் தோற்றிருந்தான். இந்த முறையும் கிளப் கடைசிச் சுற்றுக்கு வந்தது. ஐந்து மட்ச்சில் ஆளுக்கு இரண்டு வென்றுவிட்டார்கள். புரட்டாதி ஞாயிறு மத்தியானம் ஐந்தாவது. வென்றால் கோப்பை. தோற்றால் வெறுங்கையோடு வீட்டுக்கு.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்து, மேசையில் இரண்டு ரிக்கெற்றை வைத்தான்.

“அத்தான், இந்த ஒருக்கா வாங்கோ.”

“பாப்பம்.”

“தம்பி, பாப்பம் எண்டால் வரமாட்டார்,” என்றாள் பிரஷாந்தினி குசினிக்குள் இருந்து. “வாறன் எண்டு வாயால சொல்ல வை.”

அவன் ரிக்கெற்றுகளை என் பக்கம் தள்ளினான். வலக்கையின் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு, “சரி, வாறன்,” என்றேன்.

மைதானம் சின்னது. எனக்கும் பிரஷாந்தினிக்கும் இடப்பக்கம் முதல் வரிசையில் இருக்கை. முன்னால் இடுப்பளவு வேலி, அதற்கு அங்கால் புல். கீர்த்திகன் நிற்கிற இடம் நன்றாகத் தெரிந்தது. முதல் இனிங்ஸிலேயே எதிர்க் கிளப்பின் ஆள் ஒருவன் பந்தை மட்டை விளிம்பில் தட்டிக் கீப்பருக்குப் பின்னால் அனுப்பினான். நான் எழும்பிக் கைதட்டினேன்.

“இஞ்சாருங்கோ, இருங்கோ. அது ஃபவுல். கணக்கில இல்லை.”

“கீப்பரைத் தாண்டிப் போட்டுது. நாலு ரன்.”

“இது கிறிக்கெற் இல்லையப்பா.”

“வடிவா வெட்டின பந்தை வீணாக்கிறாங்கள்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரஷாந்தினி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள். ஆனால் ஆட்டம் போகப் போக நான் மச்சானை மட்டுமே பார்த்தேன். குசினியில் கோப்பை கழுவுகிறவன் இல்லை இவன். பந்து மட்டையில் படும் முன்பே இவன் கால் நகர்ந்துவிடும். எட்டாவது இனிங்ஸ் வரும்போது எங்கள் பக்கம் மூன்று, அவர்கள் இரண்டு.

எட்டாவதில் கீர்த்திகன் முதல் பேஸில் நின்றான். அடுத்து வந்த தடியன் ஒருவன் இடப்பக்கக் கோட்டோடு ஓங்கி ஒன்று விட்டான். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்து, உருண்டு வந்து, சரியாக எனக்கு முன்னால் வேலியின் அடியில் மோதியது. கீர்த்திகன் ஓடுகிறான். இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். சனம் எழும்பி நிற்கிறது.

இப்போது என் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கிறிக்கெற் ஆடுகிறவன் நான். பந்து எல்லையில் பட்டால் நாலு. கிட்ட நிற்கிறவன் அதை எடுத்து உள்ளே எறிவான். அது பண்பு. எறியாமல் பார்த்துக்கொண்டு நிற்பவனைத்தான் நாங்கள் ஏசுவோம். ஆகவே நான் வேலிக்கு மேலால் குனிந்து, ஒரு கையால் பந்தை எடுத்து, காற்சட்டையில் துடைத்து, என்னை நோக்கி ஓடி வந்த எதிராளியிடம் பக்குவமாகப் போட்டேன்.

அவன் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி அம்பயரைப் பார்த்தான்.

“ஐயோ, என்ன செய்தனீங்கள்?” என்றாள் பிரஷாந்தினி.

“பந்தை எடுத்துக் குடுத்தனான்.”

“ஆர் உங்களைக் கேட்டது? பந்து ஆட்டத்தில இருக்கு!”

ஆயிரம் பேர் ஒன்றாக ஊளையிட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பார்வையாளன் பந்தைத் தொட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்குமாம். ஓடினவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று அம்பயர் தீர்மானிப்பாராம். கீர்த்திகன் ஏற்கனவே முழுச் சுற்றும் ஓடி முடித்து, கூட்டாளிகளோடு கை அடித்துக்கொண்டு நின்றான். அவனைக் கூப்பிட்டு மூன்றாம் பேஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ரன் இல்லை. யார் இந்த வேலையைப் பார்த்தது என்று அவன் திரும்பினான். என்னைக் கண்டான். ஹெல்மெற்றைக் கழற்றி முகத்தை மறைத்தான். தோள் குலுங்கியது.

அடுத்தவன் மூன்று பந்தில் அவுட். அவனோடு மூன்று பேர் அவுட்; மூன்று பேர் போனால் அந்தப் பக்கத்தின் இனிங்ஸ் முடிந்தது. கீர்த்திகன் மூன்றாம் பேஸில் நின்றபடியே நின்றான். நாலுக்கு இரண்டாக இருக்க வேண்டியது மூன்றுக்கு இரண்டாகவே கிடந்தது.

மைதானத்துக் காவல் பிள்ளை ஒருத்தி வந்தாள். “மெஸ்யூ,” என்று வாசலைக் காட்டினாள். நான் பிரஷாந்தினியைப் பார்த்தேன்.

“நீங்கள் போங்கோ,” என்றாள். “நான் இருந்து பாக்கிறன்.”

வெளியே கார் நிறுத்துமிடத்தில் உருளைக்கிழங்கு பொரித்து விற்கிற வான் வண்டி ஒன்று நின்றது. உள்ளே ஒரு கிழவர், ரேடியோவில் இதே மட்ச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு: சூடு, கெதி, பின்னால், உப்பு. ரேடியோக்காரன் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. கிழவர்தான் விரலால் காட்டினார். ஒன்பதாவது, கடைசி இனிங்ஸ். எதிராளிகள் அடிக்கிறார்கள். ஒருவன் அவுட். பிறகு எவனோ ஒரு மடையன் கையைப் போட்டுக் கெடுத்துவிட்டான் என்று அடுப்புக் கரண்டியால் காற்றை வெட்டினார்.

“மடையன் நான்தான்,” என்றேன்.

“தபர்நாக்!”

அது எங்கள் குசினியிலும் கேட்கிற கெட்ட வார்த்தை. அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஷோர்ட்ஸ்டொப் என் மனைவியின் தம்பி என்று கையாலும் காலாலும் விளக்கினேன். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கீர்?” என்றார். நெஞ்சில் கை வைத்தார். பிறகு ரேடியோவை என் பக்கம் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டாவது ஆளும் அவுட். ஆனால் அதற்குள் எதிராளிகள் இரண்டாம் பேஸில் ஒருவன், மூன்றாம் பேஸில் ஒருவன். ஒரு அடி விழுந்தால் இரண்டு பேரும் வருவார்கள், மட்ச் போய்விடும். நான் அந்தப் பந்தைத் தொடாமல் இருந்திருந்தால் இரண்டு ரன் முன்னால் நின்றிருப்பார்கள். பதினாலு வருடம், மைனஸ் இருபதில் நூறு நூறு பந்து, உடைந்த விரல். எல்லாவற்றையும் காற்சட்டையில் துடைத்து எதிராளியிடம் எறிந்துவிட்டு நிற்கிறேன். இனி இவன் முகத்தில் எப்படி முழிப்பேன்? மாமியின் முகத்தில்? கல்யாணத்துக்கு வராதவன் என்ற கணக்கு என் பக்கம் இருந்தது. இப்போது அது அவன் பக்கம் போய், பத்து மடங்காகப் பெருத்து நின்றது.

உள்ளே மட்டைச் சத்தம் கேட்டது. உடனே ஒரு பெரிய இரைச்சல். அழுகையா, கொண்டாட்டமா, விளங்கவில்லை. ரேடியோ கொஞ்சம் பிந்தித்தான் வரும். நாலு செக்கன் இருக்கும். பதினாலு வருடம் அவன் வாழ்ந்த அந்த நாலு செக்கனை நான் வானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று கழித்தேன்.

ரேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். கிழவர் தன் வலக்கையை விரித்து, வெறும் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினார். கிளவ்ஸ் இல்லை, வெறுங்கை! மெதுவாக உருண்டு வந்த பந்தை ஓடிப்போய் வெறுங்கையால் அள்ளி, நிமிராமலே எறிந்திருக்கிறான். அவுட். முடிந்தது. வென்றாயிற்று.

கிழங்குப் பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டேன். கிழவர் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஒரு தட்டு நிறையப் பொரித்த கிழங்கில் சீஸும் குழம்பும் ஊற்றிக் கையில் தந்தார். எண்ணெய் பழசு. வேறு நாளென்றால் சொல்லியிருப்பேன். அன்றைக்குத் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தமக்கையும் தம்பியும் வந்தார்கள். அவன் மேலெல்லாம் பியர் நாற்றம். வலக்கையில் ஐஸ் கட்டியிருந்தது.

“அத்தான்! ஒற்றைக் கையால நல்லாப் பொறுக்கினியள்.”

“டேய், பகிடி விடாத. தோத்திருந்தால் என்ன செய்திருப்பாய்?”

“உங்களோட பதினொரு வருசம் கதைக்காம இருந்திருப்பன்.”

எனக்கு முகம் சுட்டது. பிரஷாந்தினி வேறு பக்கம் பார்த்தாள்.

“மூண்டாம் பேஸில அழுதனியோ?” என்று கேட்டேன்.

“அழுறதோ? சிரிப்பை அடக்கேலாமல் மூஞ்சையை மறைச்சனான். நீங்கள் பந்தைத் துடைச்சுக் குடுத்தனீங்கள் அத்தான். துடைச்சு!”

சிரித்து முடிய அவன் ஐஸ் பையை இறுக்கிக் கட்டினான்.

“அத்தான், உங்கட கலியாணத்தண்டைக்கு மட்ச் இருக்கேல்லை.”

“என்ன?”

“அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையே என்னைக் கிளப்பால நிப்பாட்டிட்டாங்கள். கலியாணத்துக்கு எண்டு பஸ் ஏறினனான்தான். நியூயோர்க்கில இறங்கி அடுத்த பஸ் மாற வேணும். மாறேல்லை. பஸ் ஸ்ராண்டிலயே இருந்திட்டன். முந்நூறு பேர் நிக்கினம். எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பினம்.”

“எப்ப ரீவியில வருவாய் எண்டு.”

“ஓம். செம்போட வாசலில நிண்டு அதுக்கு என்ன சொல்லுறது? படம் ஃபோனில வந்தது. அவன் உங்கட வேட்டியில ஊத்தினவன், என்ன?”

“முழுக்க ஊத்தினவன்.”

“எனக்குக் கூடச் சொல்லேல்லையேடா,” என்றாள் பிரஷாந்தினி.

“சொல்லியிருந்தால் மணவறையில இருந்து அழுதிருப்பாய், அக்கா. கலியாணத்தைக் குழப்பச் சொல்லுறியே?”

இல்லாத ஒரு மட்ச்சோடு பதினொரு வருடம் நான் கோபமாக இருந்திருக்கிறேன். குசினியில் பெரிய சூப் பானையை இருந்த இடத்திலிருந்து தூக்கி, நடந்து வந்து, கீழே வைத்ததும் தோள் தானாக மேலே எழும்பும். எனக்கு அப்படித்தான் இருந்தது. இவனுக்கும் அப்படி இருந்திருக்க வேண்டும். பானையின் மற்றப் பிடியை இவ்வளவு காலமும் அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான், நான் பார்க்கவில்லை.

“மோதிரம் வீட்டில இருக்கு,” என்றேன்.

அவன் ஐஸை எடுத்துவிட்டுக் கையைக் காட்டினான். “இதில எந்த விரலுக்குள்ள போகும்?”

“பெருப்பிக்கலாம்.”

“கோப்பை வெண்ட ஆக்களுக்குக் கிளப் மோதிரம் ஒண்டு செய்து தரும். நீங்கள் ஒண்டு. பதினாலு வருசம் ஒண்டுமில்லை, இப்ப ரெண்டு.”

இப்போது அவன் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் பஸ் ஓட்டப் பழகுகிறான். இந்த மாரி என் குசினியில் அவன் இல்லை; அந்தச் சந்துச் சுவரில் பந்துத் தழும்புகள் மட்டும் இருக்கின்றன. மோதிரம் நகைக்கடையில் பெருப்பிக்கக் கிடக்கிறது. அன்றைக்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க மிச்சமும் இல்லை.

அன்றைக்குக் கடைசியாகக் கேட்டதைச் சொல்கிறேன். வானுக்குப் போய்க் கிழவரிடம் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தான். முழங்கால் இரண்டும் சத்தம் போட, தார்த் தரையில் எனக்கு முன்னால் குந்தினான். மட்ச் பார்த்துவிட்டுப் போகிற சனம் நின்று பார்த்தது.

“எழும்படா, சனம் பாக்குது.”

“பாக்கட்டும்,” என்று போத்தல் மூடியைப் பல்லால் திறந்தான். “சப்பாத்தைக் கழட்டுங்கோ, அத்தான்.”